பின்சீட்டின் இடதுபக்கக் கண்ணாடி

இராயபுரம்
4-9-1955

அன்பு மகள் ஜெரினாவுக்கு அத்தா அமீருதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி ஒன்றைத் தவிர, அதுவும் தைலம் தேய்த்தால் கொஞ்சம் கேட்கிறது, என்னைத் திட்டினால் இன்னும் நன்றாகவே கேட்கிறது. நீயும் மாப்பிள்ளை ஜாபரும் உன் மாமியாரும் அந்தக் கோத்தகிரிக் குளிரில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றித் தைத்த ஒரு சின்னப் பொட்டலமும் வந்திருக்கும். கையில் கனக்கிறதே என்று உடனே பிரித்துவிடாதே, கடிதத்தைக் கடைசிவரைக்கும் படித்துவிட்டுப் பிரி. பண்டப் பொட்டலத்தை வாசலிலேயே பிரித்துத் தின்றுவிட்டு வெறும் காகிதத்தோடு உள்ளே வருகிறவள் நீ, அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன மாதம் நீ போட்ட கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். உன் அம்மாவுக்கு ஒரு தடவைதான் படித்துக் காட்டினேன், மறுபடி கேட்க அவளால் முடியவில்லை. ஏழாம் மாதம் என்னை அழைத்துப்போக வரவேண்டாம், பிரசவம் இங்கேயே ஆகட்டும், நாற்பது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜனவரி மாதத்தில் மறுபடியும் அந்த மலை ஏற என்னால் ஆகாது, என் தூக்கத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதும் என்று எழுதியிருந்தாய். நம் வழக்கத்தில் பெண்பிள்ளையின் பிரசவம் தாய்வீட்டில்தான், நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிய பிறகுதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது, அதெல்லாம் உனக்கும் தெரியும். நான் அந்த வழக்கத்துக்காகப் பேசவில்லை. உன் மாமியாருக்குக் கண் பார்வை சரியில்லை, மாப்பிள்ளை காலையில் தேயிலைப் பேக்டரிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார், உன் அம்மாவோ இந்த முழங்காலோடு உங்கள் வீட்டு மேட்டில் ஏறி இறங்கமாட்டாள், அப்புறம் உன் பக்கத்தில் யார் இருப்பது. இதற்கு நான் உடனே பதில் எழுதாமல் இருந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று வீட்டு வாசலில் நிற்கிறது, அதை இப்போது சொல்கிறேன். இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

வாசலில் நிற்பது ஒரு கார். சிரிக்காதே. தண்டையார்பேட்டையில் கிடங்கு வைத்திருக்கிறாரே வெல்ல மண்டி அய்யாத்துரை அண்ணாச்சி, அவர் கிடங்கில் ஏழு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பெரிய கறுப்பு ஆஸ்டின். துறைமுகத்தில் கப்பல் பைலட்டாக இருந்த ஒரு துரை சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது, அவன் ஊருக்குத் திரும்பும்போது அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். அண்ணாச்சிக்கு ஓட்டத் தெரியாது, விற்கவும் மனசில்லை, வெல்ல மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே போட்டுவைத்திருந்தார். நீ முழுகாமல் இருக்கிற சேதி சித்திரையில் வந்ததே, அன்றைக்கே நான் அவரிடம் போய் நின்றேன். நீங்க எடுத்துட்டுப் போனா எனக்கு நாப்பது மூட்டைக்கு எடம் கெடைக்கும் ராவுத்தரே, தை மாசக் கடைசியில எம் பொண்ணு கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் ஒருநாள் குடுத்துருங்க, போதும் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். எட்டு ஆளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம், தெருவே திரண்டு நின்று பார்த்தது. ஆட்டுக்குட்டி கட்டுகிற இடத்தில் ஓலைப் பந்தல் போட்டு வண்டியை நிறுத்தினேன். ஆட்டுக்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை. உன் அம்மா வாசற்படியில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ரிட்டயர் ஆயி வூட்ல குந்தினு இருப்பாருன்னு பார்த்தா எனக்கு ஒரு சக்களத்திய இட்டாந்துகீறாரு என்று பக்கத்து வீட்டு சாபிராவிடம் சொன்னாள். சாபிரா சிரித்தது முனை வீடுவரை கேட்டிருக்கும்.

இத்தனை வண்டி இருக்க இது ஏன் என்று கேட்பாய். இந்த வண்டியில் ஹீட்டர் இருக்கிறது. குளிர்நாட்டுக்காகச் செய்த சாமான், என்ஜினில் கொதிக்கிற தண்ணீரை இரண்டு ரப்பர் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து ஒரு சின்னப் பெட்டியில் சுற்றவிட்டு, அதன் பின்னால் இருக்கும் காற்றாடி அந்தச் சூட்டை ஊதி வண்டிக்குள் பரப்பும். முப்பது வருஷம் துறைமுக லாஞ்சில் என்ஜின் டிரைவராக இருந்தவனுக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை. என் சிநேகிதன் சிலுவைமுத்து, ரயில்வேயில் பெட்டிகளுக்கு மெத்தை தைக்கும் வேலையில் இருந்தானே, அவனே என் தோளைப் பிடித்துக் குலுக்கி, இன்னா பாய், நம்ம ஊர்ல வேர்வ தொடைக்கவே துண்டு பத்தல, உனுக்கு இன்னாத்துக்கு ஹீட்டரு, மூளை கீள கொழம்பிப் போச்சா என்று கேட்டான். கோத்தகிரிக்கு என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். மறுநாள் காலையில் ஊசி, சணல் நூல், சுத்தியல் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

உள்பக்கத்தை நீ அப்போது பார்த்திருக்கவேண்டும், ஒரே கலீஜ். சீட்டுத் தோல் வெடித்து உள்ளே அடைத்திருந்த குதிரைமயிர் எல்லாம் வெளியே தொங்கியது, பின்சீட்டுக்குள் பெருச்சாளி குடும்பம் நடத்தியிருந்தது, தரைத் தகடு உப்புக்காற்றில் அரித்து வண்டிக்குள் உட்கார்ந்தே தெருவைப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பிரித்து ஓட்டைகளை அடைத்து, தார் பூசி, அதன்மேல் நார்ப்பாய் விரித்து, அதற்கும் மேலே மூர் மார்க்கெட்டில் கிடைத்த மிலிட்டரி கம்பளியை வெட்டிப் போட்டோம். சீட்டுக்கு என்ன அடைப்பது என்பதில் உன் அம்மாவுக்கும் சிலுவைமுத்துவுக்கும் இரண்டு நாள் சண்டை. இவள் இலவம்பஞ்சுதான் மெத்தென்று இருக்கும், புள்ள பெத்த ஒடம்பு என்கிறாள். அவனோ, அண்ணி, மலை ஈரத்துக்குப் பஞ்சு கட்டி கட்டியாப் பூடும், நான் பர்ஸ்ட் கிளாஸு பொட்டிக்கே தச்சவன், நாரு போட்டாத்தான் நிக்கும் என்கிறான். கடைசியில் அடியில் நார், மேலே பஞ்சு என்று நான் தீர்ப்புச் சொன்னேன், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். தோல் பெரியமேட்டு மண்டியில் வாங்கியது, அடர்ந்த சிவப்பு. தையல் முழுக்க உன் அம்மாவின் கை. உன் நிக்காஹ் துணியெல்லாம் தைத்த அதே மெஷினில் தோலைக் கொடுத்து நான்கு ஊசியை உடைத்தாள், அப்புறம் சிலுவைமுத்து கொடுத்த கோணி ஊசியால் கையாலேயே தைத்தாள். கூரைக்கும் கம்பளியே. முதலில் இவள் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினாள், ஒரு வாரத்தில் கரப்பான் பூச்சிப் படை வந்து பாதியைத் தின்றுவிட்டது, பிறகு எல்லாவற்றையும் கிழித்துப்போட்டு வச்சிரப் பசை வைத்து ஒட்டினோம். கதவு ஓரங்களுக்குச் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஒட்டினேன். காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தியைக் கதவு ஓரமாகப் பிடித்துக்கொள்வேன், வெளியிலிருந்து சிலுவைமுத்து முறத்தால் விசிறுவான். எங்கே புகை ஆடுகிறதோ அங்கே இன்னொரு துண்டு டியூப். ஆறு நாள் ஆயிற்று புகை ஆடாமல் நிற்க.

ஹீட்டர் பெட்டியைக் கழற்றினால் அதற்குள்ளும் பெருச்சாளி மயிரும் வெல்லத்துக்கு வந்த எறும்பும். சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, ஓட்டையான இரண்டு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். காற்றாடி மோட்டார் சுற்றவேயில்லை, அதை மின்ட் தெருவில் ஒரு ஆளிடம் கொடுத்து வேறு கம்பி சுற்றி வாங்கினேன். குழாய் இரண்டும் பழைய லாஞ்ச் சாமான் கடையிலிருந்து வந்தவை. நடுவில் கார் ஓட்ட லைசென்ஸும் எடுத்துவிட்டேன், அந்தக் கூத்தை நேரில் சொல்கிறேன், இப்போதைக்கு ஒன்று மட்டும், லாஞ்சை நிறுத்த ரிவர்ஸ் போட்டுப் பழகின கை, பிரேக் என்று ஒரு சாமான் இருப்பதையே இரண்டு தடவை மறந்துபோனேன். எண்ணூர்வரைக்கும் போய்வந்தோம், வண்டி நன்றாக ஓடுகிறது, என்ஜினுக்கு ஒன்றும் குறையில்லை.

இப்படி எல்லாம் ஆனபிறகுதான் ஒரு பேஜாரு வந்தது. ஹீட்டர் வேலை செய்கிறதா என்று இந்த ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது. ஆகஸ்ட் மாதத்தில் கார்க் கதவைச் சாத்தினால் அதுவே ரொட்டி சுடுகிற அடுப்பு மாதிரி இருக்கிறது, இதில் ஹீட்டர் சூடு எது, ஆண்டவன் கொடுத்த சூடு எது. சிலுவைமுத்துதான் சொன்னான், குளிரு இல்லன்னா இன்னா பாய், வாங்கியாந்துரலாம் என்று. மீனுக்கு ஐஸ் கொடுக்கும் பேக்டரியிலிருந்து எட்டு பார் ஐஸ் கைவண்டியில் உமி போட்டு மூடிக் கொண்டுவந்தான். வீட்டில் இருந்த அண்டா, தவலை, தொட்டி எல்லாவற்றையும் காருக்குள் வைத்து ஐஸை நிரப்பிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் கூடையை இறக்கிவைத்து நின்றுவிட்டார்கள், தோ பாருடி, பாய் காருக்கு ஐஸ் வச்சிகீறாரு, மீனு எங்க பாய் என்று ஒரே சிரிப்பு. அப்போது உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து பின்சீட்டில் இடதுபக்கம், நீ உட்கார்ந்தால் பிள்ளையின் தலை எங்கே வருமோ சரியாக அந்த இடத்தில், துணி சுற்றி நிறுத்தினாள். நீ கல்யாணமாகிப் போன முதல் குளிர்காலத்தில் எழுதினாயே, அம்மா இங்கே எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி உறைந்துவிட்டது, தலைவார வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று, அது இவளுக்கு நினைவிருந்திருக்கிறது. எண்ண ஒறைஞ்சா மலை வந்தாச்சு, உருகினா உன் ஹீட்டரு ஓடுது, வேற கணக்கு வாணாம் என்றாள். ஒரு என்ஜினியருக்கும் இது தோன்றியிருக்காது.

ஒன்றரை மணி நேரத்தில் எண்ணெய் வெள்ளையாக உறைந்தது. ஐஸை இறக்கிவிட்டு, நான் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டு, காற்றாடியைப் போட்டேன். வந்தது பச்சைக் காற்று. அரை மணி நேரம் ஆகியும் சூடு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் வண்டியைக் கடலில் தள்ளிவிடலாம் என்று இருந்தது. குழாயைத் தொட்டால் என்ஜின் பக்கம் கொதிக்கிறது, பெட்டிப் பக்கம் ஜில்லென்று இருக்கிறது. நடுவில் தண்ணீரைத் திறந்து மூட ஒரு பித்தளைத் திருகு இருக்கும், அதைத் திறந்துதான் வைத்திருந்தேன். மறுநாள் அதைக் கழற்றிப் பார்த்தால் அதன் தொண்டையில் ஒரு மரக்கட்டை. அழகாகச் சீவி, எண்ணெய் தடவி, சுத்தியலால் அடித்து இறுக்கிய கட்டை. துரை காலத்தில் வண்டி பார்த்த நம் ஊர் மெக்கானிக் எவனோ செய்த வேலை. எனக்கு முதலில் அவனைத் திட்டத்தான் வாய் வந்தது. அப்புறம் அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை ஜெரினா. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், சூடுதான் விரோதி என்று அவனுக்குத் தெரியும், குளிர் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அடைத்திருக்கிறான்.

போன வாரம் மறுபடியும் ஐஸ் வைத்தோம். எண்ணெய் உறைந்தது, ஐஸை இறக்கினோம், உன் அம்மா பின்சீட்டில் பாட்டிலுக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள், நான் முன்னால். பத்து நிமிஷத்தில் காலில் சூடு தெரிந்தது. இருபது நிமிஷத்தில் உன் அம்மா, ஓரத்துல உருகுது, உருகுது என்று குழந்தை மாதிரிக் கத்தினாள். நான் எழுந்து பின்பக்கம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பாட்டிலின் ஓரமெல்லாம் தெளிந்த எண்ணெய், நடுவில் வெள்ளைக் கட்டி நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே நல்ல வெதுவெதுப்பு, அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் இடதுபக்கக் கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கியது. நான் நினைத்துச் செய்யவில்லை. யாருக்காவது வேர்த்தால் காற்றுக்குத் திறந்துவிடுவது, அவ்வளவுதான், அறுபது வருஷத்துக் கை. பாதி இறங்கிய கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் என் கை செய்த காரியம் எனக்கு உறைத்தது.

ஜெரினா, இப்போது இரண்டாவது காரணத்தைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது.

போன வருஷம் ஜனவரியில் உன்னையும் நாற்பது நாள் பிள்ளை இத்ரீஸையும் கோத்தகிரியில் கொண்டுவிட நான் வந்தபோது மேட்டுப்பாளையத்தில் ரயிலைவிட்டு இறங்கிப் பஸ் ஏறினோம். ரயிலில் இரவு முழுக்க இத்ரீஸ் அழுதான், நீ ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. நான்தான் உன்னிடம், நீ கொஞ்சம் தூங்குமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீயாகத் தூங்கவில்லை, நான் சொல்லித் தூங்கினாய். பிள்ளை உன் மடியில், சால்வைக்குள். மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டியதும் குனிந்து பார்த்தேன், அவன் நெற்றியில் வேர்வை, முகம் சிவந்திருந்தது. பாவம் பிள்ளைக்குப் புழுக்கம் என்று நினைத்தேன். நான்தான் சால்வையை எடுத்து அவன் காலடியில் ஒதுக்கினேன். நான்தான் உன் பக்கத்து ஜன்னல் படுதாவின் இரண்டு முடிச்சை அவிழ்த்துவிட்டேன். ஜில்லென்று காற்று வந்தது. அவன் தூக்கத்தில் சிரித்தான். ஆகா, பிள்ளைக்கு இதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு நானும் கண்ணை மூடிவிட்டேன். கோத்தகிரி பஜாரில் பஸ் நின்றபோதுதான் விழித்தேன், அதற்குள் நீ எழுந்து, ஐயோ என் மடியிலிருந்து சால்வை நழுவிவிட்டதே, தூங்கிவிட்டேனே என்று பதறிக்கொண்டிருந்தாய். அப்போது நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுதாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நீ, நான் தூங்கிவிட்டேன் என்று அழுதாய், பக்கத்தில்தான் நின்றேன், சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் உன் மாமியார், பெத்தவளுக்கு அப்படி என்ன தூக்கம் என்று கேட்டார், அந்த மனுஷியும் பேரனைப் பறிகொடுத்த வேதனையில் கேட்டதுதான், அப்போதும் சொல்லவில்லை. இருபது மாதமாகச் சொல்லவில்லை. குளிர்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, ஆண்டவன் நாட்டம் என்று நானும் எனக்குள் எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். என்னைத் தேற்றிக்கொள்ள நான் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உன்னைக் குற்றவாளியாக நிற்கவைத்துவிட்டு நான் பக்கத்தில் நல்லவனாக நின்றேனே, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உன் தூக்கம் ஒன்றும் செய்யவில்லை மகளே. செய்தது என் கை.

காரை விட்டு இறங்கியதும் இதை உன் அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவள் அழவில்லை, திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எண்ணெய் பாட்டிலைத் துடைத்து அடுப்படியில் வைத்தாள். இரண்டு நாள் வேளாவேளைக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்து, அவ இருபது மாசமா தலைமேல வச்சி சொமந்துகினு கீறா, மொதல்ல அத்த எறக்கி வைய்யி, அப்பால மலை ஏறலாம், எழுதாம அந்த வண்டில நான் காலு வைக்கமாட்டேன் என்றாள். எழுதுகிறேன் என்றேன். எழுதி நான்கு காகிதத்தைக் கிழித்துப்போட்டு இது ஐந்தாவது.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல். உன் மாமியாருக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு, என் மரியாதைக்காக எதையும் மறைக்காதே. அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும், திட்டவேண்டிய ஆள் நான்தான். நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதை உன் மனசுக்கும் ஆண்டவனுக்கும் விட்டுவிடுகிறேன். ஆனால் உன்மேல் நீயே பழி போட்டுக்கொள்வதை இன்றோடு நிறுத்திவிடு, அது உன்னுடையது இல்லை.

அடுத்த மாதம் எட்டாம் தேதி சனிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு நானும் உன் அம்மாவும் வண்டியில் புறப்படுகிறோம். சேலத்தில் சிலுவைமுத்துவின் மருமகன் வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வாசலில் இருப்போம். வா என்றால் உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், ஜனவரியில் உன்னையும் பிள்ளையையும் இதே வண்டியில் கொண்டுவந்து விடுகிறோம். வரமாட்டேன் என்றாலும் கோபமில்லை, உன் மாமியார் கையால் ஒரு டீ குடித்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். எதுவானாலும் ஒரு கார்டு போடு. அதுவரைக்கும் குடம் தூக்காதே, விறகுப் புகையில் குனிந்து உட்காராதே, ராத்திரி காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு படு. சிலுவைமுத்துவின் பெண்சாதி ஞானபாக்கியம் உனக்கென்று கருப்பட்டியும் சுக்கும் இடித்து வைத்திருக்கிறது, நாங்கள் வரும்போது கொண்டுவருகிறோம். சாபிரா உனக்கு சலாம் சொன்னாள். அய்யாத்துரை அண்ணாச்சி வண்டியைப் பார்த்துவிட்டு, ஊர்வலத்துக்குக் குடுக்க மாட்டேன்னு நீங்க சொன்னாலும் எனக்கு ஆச்சரியமில்ல என்றார்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. உள்ளே இருப்பது பின்சீட்டின் இடதுபக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி. அன்றைக்கே சின்ன ஆணியைத் தட்டிக் கழற்றிவிட்டேன். வலதுபக்கக் கண்ணாடி எப்போதோ இறுகிப்போனது, அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். இது இல்லாமல் அந்தக் கண்ணாடியை நானும் இறக்கமுடியாது, வேறு யாராலும் முடியாது. நீ எங்களோடு வந்தாலும் வராவிட்டாலும் இது உன்னிடமே இருக்கட்டும். சுற்றியிருக்கும் சிவப்புத் தோல் உன் சீட்டில் மிஞ்சிய துண்டு, உன் அம்மா தைத்தது.

உன் மடி நிறையட்டும், சுகப்பிரசவம் ஆகி தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க ஆண்டவன் ரஹ்மத் செய்வானாக. மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் சலாம். வருவதாக இருந்தால் கைப்பிடியை மறக்காமல் எடுத்துவை. வேர்த்தாலும் புழுங்கினாலும் அந்தக் கண்ணாடியைத் திறப்பதா வேண்டாமா என்று நீதான் பார்க்கவேண்டும். நான் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுகிறேன், நீ பயமில்லாமல் தூங்கு, கைப்பிடியை உன் கையில் வைத்துக்கொண்டே தூங்கு.

உன் அத்தா,
மு. அமீருதீன்